பழனியாண்டிக்கு எழுதிய இரண்டு சீட்டுகள்

போன மாதம் கண்டியில் மருந்துச்சாலைக்காரர்கள் நீங்கள் எனக்கு வைத்த பிரியாவிடைத் தேநீர் விருந்தில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி என்னைத் தனியே இழுத்துப் போய் ஒரு கேள்வி கேட்டார். "தலையில் பலமாக அடிபட்டவன் சுகமாகிவிட்டான் என்று எதை வைத்து ஐயா முடிவு செய்வது?" நான் கையில் இருந்த கேக் துண்டைக் காட்டி, "முதலில் இதை முடிப்போம்" என்று மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் தலை நரைக்கும் வரை உட்கார்ந்திருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னால் என் மடத்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் கேக்கின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இப்போது எழுதுகிறேன். அந்தத் தம்பி மட்டுமல்ல, புதிதாக வந்திருக்கும் எல்லாரும் படியுங்கள். மருந்து அளவுகள் இதில் இல்லை. அவை உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன.

முப்பதுகளின் தொடக்கம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர். கண்டி நகரத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்து, அங்கேயே மருந்து கலக்கப் படித்துவிட்டு வந்தவன். தொழிலாளர்கள் என்னை டாக்டரையா என்று கூப்பிட்டார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் திருத்தவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு பட்டம் சும்மா கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தத் தோட்டத்தில் மலை உச்சியிலிருந்து தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிட்டால், அது கம்பி வழியே விர்ரென்று இறங்கிவரும். கீழே நின்று அதை வாங்கி இறக்குவது பழனியாண்டியின் வேலை. முப்பது வயது இருக்கும். நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் சும்மா இருக்காது. கங்காணி ஒன்று சொன்னால் இவர் இரண்டு சொல்வார். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அவர் குரல் கேட்காத நாள் குறைவு. "இவன் வாயத் தைக்க உங்கக்கிட்ட ஊசி இல்லையா, டாக்டரையா?" என்று கங்காணி என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் ஒரு சாக்கை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள், மேலே இருந்தவர்கள் அடுத்ததையும் தள்ளிவிட்டார்கள். அது அவருடைய பின்தலையில் மோதி, நெற்றியைக் கல்தூணில் கொண்டுபோய் அடித்தது. நான் ஓடிப் போனபோது நெற்றி உள்ளே அமுங்கியிருந்தது. மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

தேயிலைப் பெட்டி ஏற்ற வந்திருந்த லொறியில்தான் கண்டிக்குக் கொண்டுபோனோம். ஓட்டியவர் கம்பளைக்காரர், ஒரு முஸ்லிம் நானா. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்.

"மூச்சு ஈக்கா ஐயா?"

"இருக்கு நானா."

"அல்லா காவல். பைய பைய போவம்."

எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் பதில் சொல்லும் முன் பழனியாண்டியின் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். பழனியாண்டியின் மனைவி ராக்காயி கணவனின் தலையைத் தன் மடியில் அசையாமல் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுகிற குமாஸ்தா, நோயாளியின் பெயர் என்ன என்று அவளைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். "முருகசாமி மலை மேல நிக்கிற ஊரு பேருங்க, அதோட ஆண்டியும் சேரும்" என்றாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கட்டினவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவனுடைய ஆயுசு குறையும் என்பது அவர்களுடைய வழக்கம். புருஷன் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் எப்படிச் சொல்வாள்? நான்தான் சொன்னேன்.

இரண்டு கிழமைக்கு மேல், பதினைந்து நாளாவது இருக்கும், அவர் கண் திறக்கவில்லை. ராக்காயியை மஹய்யாவையில் என் அக்கா வீட்டில் தங்கவைத்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து போனாள். பிறகு அவர் கண் திறந்தார், கஞ்சி குடித்தார், எழுந்து நடந்தார். இரண்டு மாதம் கழித்து நெற்றியில் ஒரு பள்ளத்தோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். கையில் பெரிய டாக்டரின் கடிதம் இருந்தது. காயம் ஆறிவிட்டது, கை கால் நன்றாக இருக்கிறது, ஓய்வு தேவை என்று எழுதியிருந்தார். கடைசி வரி ஒன்றும் இருந்தது. நடத்தையில் மாறுதல் உண்டா என்று வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் மலைகளில் தண்ணீர் வடியும் கான்களைத் துப்புரவாக்க வேண்டும். ஆள் போதவில்லை என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கவலை. வாசலில் கங்காணி நின்று, "சீட்ட எழுதுங்க டாக்டரையா, தொர கேக்குறாரு" என்று அவசரப்படுத்தினார். வேலைக்குத் தகுதி என்று நான் சீட்டு எழுதினால்தான் பழனியாண்டியைப் பெரட்டுக்குக் கூப்பிடலாம். நான் என் பரிசோதனையைத் தொடங்கினேன்.

"பேரென்ன?"

"பழனியாண்டிங்க."

"எந்த லயம், எந்த வீடு?"

"மேட்டு லயம், நாலாவது காம்பராங்க."

"கையத் தூக்கு. எறக்கு. அந்தச் செவரு வரைக்கும் நடந்து போயிட்டு வா."

தூக்கினார், இறக்கினார், சுவர் வரை போய்விட்டு வந்தார். கால் தள்ளாடவில்லை.

"ஏதாச்சும் கொற இருக்கா?"

"இல்லீங்க."

அவருடைய உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. மலைக்காற்றுக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். குறை இல்லை என்று எழுதினேன். அப்போது வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்ற ராக்காயி உள்ளே வந்துவிட்டாள்.

"எழுதிடாதீங்க டாக்டரையா. இவரு இன்னும் நல்லா வரல."

"கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா சொல்றானே?"

"கேட்டா சொல்றாருங்க. கேக்காட்டி ஒண்ணுமில்ல. ஒக்காரச் சொன்னா ஒக்காருறாரு. எந்திரின்னு சொல்லாட்டி அந்தி வரைக்கும் அப்பிடியே இருக்காரு. தண்ணி குடின்னாத்தான் குடிக்கிறாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்கூட சண்ட புடிச்சு மூணு மாசமாச்சுங்க."

வாசலில் கங்காணி சிரித்தார். நானும் சிரித்தேன். "புருசன் அடங்கி இருந்தா ஊரு உலகத்துல சந்தோசப்படுவாங்க. உனக்குச் சண்டக்காரன்தான் வேணுமா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சீட்டை எழுதிக் கங்காணியிடம் கொடுத்தேன்.

முதல் இரண்டு கிழமை எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். பழனியாண்டி பெரட்டுக்கு முதல் ஆளாக வந்தார். பெயர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குரல் கொடுத்தார். சொன்ன இடத்துக்குப் போனார், சொன்ன வேலையைச் செய்தார். "இப்பத்தான் மனுசனாயிருக்கான்" என்றார் கங்காணி. துரை என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். நான் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், தம்பிமாரே, தங்கைமாரே. தப்பு மேளம் அடித்தால் எழும்ப வேண்டும், பெயர் சொன்னால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு தொழிலாளியிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். சொந்த எண்ணம் என்ற ஒன்று தலைக்குள்ளிருந்து கழன்று போன ஒரு மனிதன் அங்கே நோயாளியாகத் தெரியமாட்டான், நல்ல வேலைக்காரனாகத்தான் தெரிவான். வேறு எந்த இடமாக இருந்தாலும் நானும் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன்.

மூன்றாவது கிழமையில், ஒரு புதன்கிழமை, அவர் மருந்துச்சாலைக்கு வந்தார். யாரோ அனுப்பித்தான் வந்தார். இரண்டு உள்ளங்கையும் தோல் கிழிந்து இரத்தமாக இருந்தன. மம்பட்டி பிடித்த கை. கொப்புளம் வந்து, உடைந்து, சதை தெரிந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். "ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன். யோசித்தார். "நிறுத்தச் சொல்லலைங்க" என்றார்.

மருந்து எடுத்து வைத்துக்கொண்டு, "இங்க வா" என்று கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளிகள் உட்காரும் ஒரு நீள வாங்கு கிடந்தது. சுற்றி வர ஒரு பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அவர் நேராக நடந்து வந்தார். முழங்கால் வாங்கில் இடித்தது, வாங்கு சரிந்து விழுந்தது, அதன் மேல் கால் வைத்துத் தடுமாறி என் முன்னால் வந்து நின்றார். காலில் இரத்தம் வடிந்தது. அவருடைய முகம் சுளிக்கவே இல்லை.

கட்டுப் போட்டு அனுப்பினேன். சீட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குத் துரையிடம் போய், நீங்கள் கை கொடுத்தது தப்பான ஆளுக்கு என்று சொல்ல வேண்டும். இன்று வேண்டாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். என் தொழிலில் நான் செய்த தப்புகளில் இதுதான் பெரியது. முதல் சீட்டு அறியாமல் எழுதியது. இந்த நான்கு நாள் தாமதம் தெரிந்தே செய்தது. பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சன்னலுக்குப் போய் நின்றேன்.

சனிக்கிழமை மழை வந்தது. காலையில் தூறிக்கொண்டிருந்தது, பதினொரு மணிக்கெல்லாம் மலை தெரியாமல் கொட்டியது. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லித் தப்பு அடித்தார்கள். இரண்டு மணி இருக்கும், ராக்காயி நனைந்துபோய் என் வாசலில் வந்து நின்றாள்.

"அவரு வரலைங்க."

வேறொரு நாளாக இருந்தால், எங்கேயாவது ஒதுங்கி நிற்பான் என்று சொல்லியிருப்பேன். அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒதுங்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? இரண்டு பேரும் கங்காணி வீட்டுக்கு ஓடினோம். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் பேசத் தொடங்குமுன் ராக்காயி கேட்டாள்.

"அவருகிட்ட கடைசியாப் பேசினது யாருங்க?"

எனக்குத் தோன்றாத கேள்வி அது. கங்காணி கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மெல்ல வெளுத்தது.

"நான்தான். ஓடைக்கு அந்தாண்ட, பாறை மேல மம்பட்டியெல்லாம் கழுவி வச்சிருந்துச்சு. நான் வர்ற வரைக்கும் இதப் பாத்துக்கிட்டு இங்கயே நில்லுன்னேன். மேல போனேன், மழ புடிச்சிருச்சு, அப்பிடியே எறங்கி வந்துட்டேன். மழ பெஞ்சா எவனும் வந்துருவான்தானே, டாக்டரையா?"

ஓடை என்று சொன்னாலும் அந்த மழையில் அது ஓடையாக இல்லை. செம்மண் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. மரப்பாலம் போய்விட்டது. அக்கரையில், தண்ணீரோரப் பாறையில் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மம்பட்டிகள் எல்லாம் வெள்ளத்தோடு போய், ஒரு அலவாங்கு, நீளக் கடப்பாரை, மட்டும் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் மூன்று எட்டு வைத்தால் மேடு, மேட்டில் தேயிலைச் செடிகள். ஒரு சின்னப் பிள்ளைகூடத் திரும்பி ஏறிவிடும். அவர் ஏறவில்லை. கங்காணி வருகிறவரை நிற்கச் சொல்லியிருந்தார்கள், நின்றார்.

கங்காணி இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "ஏய் பழனி..." என்று தொடங்கியதும் நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். தோட்டத்தில் பாதிப்பேர் கும்பிடுகிற அந்த மனிதரின் தலைப்பாகை கழன்று சேற்றில் விழுந்தது. "வான்னு மட்டும் சொல்லிராதீங்க!" என்று கத்தினேன். என் கண்ணில் அந்த வாங்கு நின்றது. வா என்றால் அவர் நேராக வருவார். தண்ணீருக்குள் இறங்கி வருவார்.

பிறகு நான் என்ன செய்தேன்? கெட்டிக்காரத்தனமாக, "பின்னால போ!" என்று கத்தினேன்.

அவர் போனார். திரும்பாமல், எங்களைப் பார்த்தபடியே, பின்னுக்கு ஒரு கால் வைத்தார். பாசி பிடித்த பாறை வழுக்கியது. முழங்காலில் விழுந்தார், தண்ணீர் மார்புவரை ஏறியது. அலவாங்கு பாறை இடுக்கில் சிக்கியதால் அதைப் பிடித்தபடி முழங்காலிலேயே இருந்தார். என் சொல்லும் அவரைக் கொல்லப் பார்த்தது. அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ராக்காயி என்னைத் தள்ளிவிட்டு ஒரு கல்லின் மேல் ஏறினாள். பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற அதே இழுப்போடு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பழனியாண்டி!"

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அக்கரையில் அவர் நிமிர்ந்தார்.

"அலவாங்க விடாத! எந்திரி!"

எழுந்தார். அவர் எழுந்து நிற்கும்வரை அவள் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை.

"இப்ப திரும்பு! செடியப் பாரு! ஒரு எட்டு வை! நில்லு. இன்னொரு எட்டு! செடியப் புடி! அலவாங்க விடு! ஏறு! ஏறு! இன்னும் ஏறு! ஒக்காரு!"

உட்கார்ந்தார். அவர் நின்ற பாறை கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் காணாமல் போனது. "அங்கயே இரு!" என்று கடைசியாகக் கத்திவிட்டு ராக்காயி கல்லைவிட்டு இறங்கினாள். மேல்பாலம் வழியாகச் சுற்றிப் போக ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த வழி முழுக்க அவள் அழுதுகொண்டே வந்தாள். வெள்ளத்தை நினைத்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன். "பேரச் சொல்லிட்டேனே டாக்டரையா, எல்லாருக்கும் முன்னால பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டேனே" என்றாள்.

திங்கட்கிழமைக்குக் காத்திராமல் மறுநாளே துரையிடம் போனேன். நடந்ததையும் என் தப்பையும் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து கேட்டார். ஆள் வேலை செய்கிறானா? செய்கிறான். எதிர்த்துப் பேசுகிறானா? இல்லை. பிறகு என்ன வியாதி? "அதுதான் வியாதி, துரை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் மூன்று மாதம் ஓய்வு தந்தார். அதற்குள் குணமாகாவிட்டால் இரண்டு பேரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவதாகச் சொன்னார். அந்த வருடங்களில் தேயிலை விலை விழுந்து பலரை அப்படி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராக்காயி ஹுன்னஸ்கிரியவில் பிறந்தவள். அவளுக்கு அங்கே எந்த ஊர்?

இதற்கு மருந்து இல்லை. பெரிய டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். காலம்தான் வேண்டும், தானாகச் செய்ய இடம் கொடுத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. ராக்காயியும் நானும் பேசி ஒரு வழி செய்தோம். அவருக்கு எதையும் சொல்லக் கூடாது, தானாக என்ன செய்கிறார் என்று காத்திருக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பைக் கை எட்டும் தூரத்தில் வைப்போம், குடி என்று சொல்லமாட்டோம். சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உதடு காய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி, மூன்று மணி போகும். முடியாமல் நான்தான் முதலில் தோற்று, "குடிப்பா" என்பேன். ராக்காயி என்னை முறைப்பாள்.

அவள் இன்னொன்றும் செய்தாள். கறியில் உப்புப் போடாமல் சமைத்தாள். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு பறக்குமாம். அவர் உப்பில்லாமலே தின்றார், நாள் கணக்காக, மாதக் கணக்காக. நான் தினமும் வேலை முடிந்ததும் மேட்டு லயத்துக்கு ஏறுவேன். என்னைக் கண்டதும் ராக்காயி தலையை ஆட்டுவாள், இல்லை என்று. முதல் மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. கந்தோரில், அதாவது தோட்டத்து அலுவலகத்தில், கப்பலுக்குப் பேர் எழுதுகிற பட்டியல் இருந்தது. அந்த மேசையைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது மாதம் பிறந்து சில நாளில் அவள் லயத்து வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தாள். "சோத்துல கைய வச்சவரு நிறுத்திட்டாருங்க. என்னப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல, பொறவு தின்னுட்டாரு. ஆனா பாத்தாருங்க." அதை அவள் நான்கு தரம் சொன்னாள். எனக்கு நம்பிக்கை கொள்ளவும் பயமாக இருந்தது. சும்மா பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கெடு முடிய ஒரு கிழமை இருக்கும்போது, கங்காணியிடம் கெஞ்சி, பகலில் கொஞ்ச நேரம் நாற்று மேடையில் களை பிடுங்கப் பழனியாண்டியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். வெள்ளத்தன்றைக்குப் பிறகு கங்காணி நான் கேட்டதை மறுப்பதில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கங்காணி மருந்துச்சாலைக்குள் புயலாக நுழைந்தார். மூச்சு வாங்கியது.

"டாக்டரையா, இந்த ஆள எங்கிட்டருந்து எடுத்துக்கங்க!"

"என்ன ஆச்சு?"

"ஓடைக்கரைக்குப் போயி மம்பட்டி எடுத்துட்டு வாடான்னேன். போகலங்க. நிமிந்து என்னப் பாத்துட்டு, 'மழ வர்ற மாதிரி இருக்கு, நான் போகல, நீ போ'ங்குறான். என்னப் பாத்து! பத்துப் பேருக்கு முன்னால!"

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"என்னங்க?"

"அவன் சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க கங்காணி."

சொன்னார். நான் மூன்றாம் முறையும் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கங்காணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், அவருக்கும் மெல்லப் புரிந்தது. வாங்கில் உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நோயாளியா இருக்கையிலதான் நல்லா இருந்தான்" என்று முணுமுணுத்தார். துரையிடம் புகார் சொல்ல அவர் போகவில்லை.

ராக்காயி கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்கு நான் ஓடினேன். செய்தியைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கொழுந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நேத்து நீங்க வந்துட்டுப் போனதுலருந்து எங்கிட்டயும் பேச்சில்லைங்க. கோவம்."

"எதுக்கு?"

"'எல்லாரு முன்னாலயும் எம் பேரச் சொல்லிக் கூப்புட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா'ன்னு கேட்டாரு. அன்னிக்கு ஓடைக்கரையில கூப்புட்டத இப்பத்தான் கேக்குறாரு. நல்லாத் திட்டினாருங்க." கன்னத்தில் கண்ணீர் ஓட, அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றே இரண்டாவது சீட்டை எழுதினேன். இந்த முறை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கையைத் தூக்கு என்று சொல்லவும் இல்லை. கங்காணியின் சொல்லைத் தகுந்த காரணம் காட்டி மறுத்தார், மனைவியோடு சண்டை பிடித்தார், ஆகவே குணமடைந்து வருகிறார், இலேசான வேலைக்குத் தகுதி என்று எழுதினேன். துரை அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கப்பல் பட்டியலில் அந்த இரண்டு பேர் ஏறவில்லை.

பழனியாண்டி முழுக்கப் பழைய ஆளாக ஆகவில்லை. கடைசிவரை சில நாள் மந்தமாக இருப்பார், ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிடுவார். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தேநீர் விருந்தில் கேட்ட தம்பிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கு நோயாளி என்ன சொல்கிறான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருப்பவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் கேட்காமல் அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது சிரிக்காதீர்கள்.

இரண்டாவது சீட்டு எழுதிய அன்றைக்கு மழை பெய்யவில்லை. அந்தி வரைக்கும் நல்ல வெயில். கங்காணி இரண்டு தரம் என் வாசலுக்கு வந்து, வானத்தைக் கையால் காட்டிவிட்டுப் போனார். மாலையில் நான் மேட்டு லயத்துக்கு ஏறியபோது பழனியாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பிறகு அவர் எழுந்தார், என்னைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனார், குனிந்து இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்.